வெண்மைக்கு ஊழியம் வந்த நீலம்

வெள்ளையடிப்பதாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நீலம் அடித்த ஊர்களில் எங்கள் ஆலங்குடியும் ஒன்று. குரு ஸ்தலம் என்று பிரசித்தி பெற்ற, கும்பகோணத்துப் பக்கத்து ஆலங்குடியை நான் சொல்லவில்லை. புதுக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், நாமபுரீஸ்வரர் கோயில் கொண்டு, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் முதலான செம்மண் கிராமங்களுக்கெல்லாம் தாலுகா ஊராக விளங்குகிற ஆலங்குடியைச் சொல்கிறேன். இந்த வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடொன்றில், தெருவின் வெயிலிலிருந்து நடையின் நிழலுக்கு வந்தவுடன், சுவர் வெள்ளையாகத்தான் தெரியும். கண் சற்றே பழகி, முற்றத்து வெளிச்சத்தின் அளவு பிடிபட்ட பிறகுதான், அது வெள்ளையிலிருந்து ஓரடி விலகி நிற்கும் வெளிர் நீலம் என்பது புலனாகும். அந்த ஓரடி விலகலில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பதைச் சாவகாசமாக யோசித்துப் பார்ப்பதே இங்கே என் உத்தேசம்.

முதலாவதாகச் சொல்ல வேண்டியது, இந்த நிறத்தை அக்காலத்தில் எந்தக் கிரகஸ்தரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான். பொங்கலுக்கு முந்திய வாரங்களில், மார்கழிப் பனி விலகாத காலைப் பொழுதில், கொல்லைப்புறத்துத் தொட்டியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் வார்ப்பார்கள். அது சீறிக் கொதித்து, ஆவி அடங்கி, நன்றாக ஊறிய பிறகு, துணியில் வடிகட்டி, சுவரில் பிடிப்பதற்காகச் சோற்றுக் கஞ்சியோ கோந்தோ ஒரு கை உப்போ சேர்த்து, நீர்க்கக் கரைத்துக்கொள்வார்கள். நீலம் வருவது கடைசியில்தான். பொடியை நேரே கொட்டிவிட்டால், கரையாத துகள்கள் மட்டை நாரில் சிக்கிக்கொண்டு, சுவர் நெடுகக் கீற்றுக் கீற்றாக இழுபட்டு, வருஷம் முழுவதும் கண்ணை உறுத்தும். ஆகையால் அதை வேட்டிக் கிழிசலில் முடிந்து, தனித் தண்ணீரில் கசக்கி, இறங்கிய நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு: ஈரச் சுண்ணாம்பு காட்டும் நிறம் வேறு, காய்ந்த சுண்ணாம்பு காட்டும் நிறம் வேறு. தொட்டியில் அடர்த்தியாகத் தெரிகிற நீலம், சுவரில் ஏறி வெயில் பட்டவுடன் பாதிக்கு மேல் வெளிறிவிடும். எனவே அனுபவஸ்தராகிய வெள்ளையடிப்பவர், ஒரு செங்கல் துண்டில் தடவி, அதை வெயிலில் வைத்துவிட்டு, காயும்வரை வேறு வேலை பார்ப்பார். வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, நீலம் தூக்கலா இருக்கே?” என்று கவலைப்பட்டால், அவர் நிமிராமலே, “காயட்டும் தாயி, காஞ்சா அடங்கிப்போகும்” என்பார். பெரும்பாலும் அடங்கும். அடங்காத வருஷங்களில் வீடு சற்று நீலமாகவே இருந்துவிட்டுப் போகும். அதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்த உபசாரத்தின் நோக்கம், சுவரை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதே. சுட்ட சுண்ணாம்பு, கிளிஞ்சலிலிருந்து வந்தாலும் கல்லிலிருந்து வந்தாலும், கொஞ்சம் மண்ணையும் இரும்பின் மாசையும் உடன்கொண்டுதான் வருகிறது. அதனால் காய்ந்த சுவரில் மெல்லிய மஞ்சள் தட்டும். அடுப்புப் புகையும் விளக்குப் புகையும் அந்த மஞ்சளை நாளொரு விதமாக வளர்த்துவிடும். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தணிக்கும் சுபாவம் உள்ளவை. நீலம் சேர்ந்த சுவர், அளந்து பார்த்தால், முன்பு திருப்பியனுப்பியதைவிடக் குறைந்த ஒளியைத்தான் திருப்பியனுப்புகிறது. ஆயினும் மஞ்சள் நீங்கிய அந்தக் குறைந்த ஒளியையே நம் கண் அதிக வெண்மை என்று ஒப்புக்கொள்கிறது. வேட்டி வெளுப்பதும் இந்த நியாயப்படிதான். சலவைக்கு வாங்கிய பொட்டலத்தில் மிஞ்சியதே சுவருக்கும் போயிற்று. வெண்மைக்கு ஊழியம் செய்ய வந்த நீலம், கை ஒரு சிட்டிகை தாராளமான இடங்களில், தன் சொந்த முகத்தையும் காட்டத் தொடங்கியது. வீட்டாரும் அதைக் கண்டு, குளுமையாக இருக்கிறதென்று விட்டுவிட்டார்கள். எங்கள் வீடுகளின் வெளிர் நீலத்துக்கு ஜன்ம வரலாறு இவ்வளவே.

ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்த பொருளின் வம்சாவளி சாமானியமானதன்று. புதுக்கோட்டைக்கு வடமேற்கே, சித்தன்னவாசல் ஜைனக் குடைவரையின் விதானத்தில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துத் தாமரைப் பொய்கை ஒன்று, மீனும் யானையும் எருமையும் பூக்கொய்யும் துறவிகளுமாக, சிதைந்தும் சிதையாமலும் இன்றும் இருக்கிறது. அதில் பயின்ற வர்ணங்களை இரசாயனப் பரிசோதனை செய்த நிபுணர்கள், வெள்ளைக்குச் சுண்ணாம்பும், கறுப்புக்குக் கரியும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண்களும், நீலத்துக்கு ராஜாவர்த்தக் கல்லின் வர்க்கமாகிய அல்ட்ராமரைனும் என்று பிரித்துக் காட்டினார்கள். ராஜாவர்த்தம், ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்து, தேசாந்தரங்களுக்கெல்லாம் சென்ற கல். ஐரோப்பிய ஓவியர்கள் அதைத் தங்கத்துக்குச் சமமாக மதித்து, தேவமாதாவின் மேலாடைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். சுண்ணாம்பும் அந்த நீலமும் எங்கள் சீமைச் சுவர்களில் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே சந்தித்துவிட்டன என்பதும், அது பாறைக்குள் ஒரு குளத்தைக் காட்டுவதற்காக நிகழ்ந்தது என்பதும் நினைத்துப் பார்க்க ரசமான சங்கதிகள்.

குடைவரையிலிருந்து கொல்லைப்புறத் தொட்டிக்கு அந்த நீலத்தை இறக்கிக் கொடுத்தது பாரிஸ் நகரத்துப் பரிசு அறிவிப்பொன்று. அவ்வூர்த் தொழில் வளர்ச்சிச் சங்கம், 1824-இல், செயற்கையாக அல்ட்ராமரைன் செய்து காட்டுகிறவருக்கு 6000 பிராங்கு தருவதாக அறிவித்தது. 1828-இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அதைப் பெற்றார். அதே வருஷத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில் கிறிஸ்டியன் க்மேலின் தம் முறையை வெளியிட்டார். மூலப்பொருள்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: வெண்களிமண், சோடா, கந்தகம், கரி. இந்த மலிவான நான்கையும் உலையில் சரியான பக்குவத்தில் வேகவைத்தால், கந்தகம் களிமண்ணின் நுண்ணிய கூடுகளுக்குள் சிறைப்பட்டு நீலமாகப் பிரகாசிக்கிறது. மலைக்கல்லில் இருந்ததும் அமைப்பில் இதுவேதான். அரசர்களும் மடாதிபதிகளும் வாங்கிய நிறம் ஒரு தலைமுறைக்குள் சலவைக்காரரின் சரக்காயிற்று. இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் கம்பெனி அதைச் சிறு கட்டிகளாக்கி உலகமெங்கும் அனுப்பியது. நம் பக்கத்து மளிகைக் கடைகளில் ராபின் நீலம் என்று அது கிடைத்தது.

சுண்ணாம்போடு குடித்தனம் நடத்துவதற்கு இந்த நீலமே பொருத்தமாக அமைந்ததும் அதிர்ஷ்டம். ஊறிய சுண்ணாம்பு கடுமையான காரம். எல்லா வர்ணமும் அதைத் தாங்குவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்ய நீலத்தைச் சுண்ணாம்பில் இட்டால், நீலம் போய்த் துருவின் பழுப்பு மிஞ்சும். அல்ட்ராமரைனோ காரத்தை மதிப்பதே இல்லை. அதற்கு எமன் அமிலம். நீலப் பொடியின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்க்கிறவர், நிறம் கண்ணெதிரே வெளிறுவதையும், சிறைப்பட்ட கந்தகம் அழுகிய முட்டை நாற்றமாக விடுதலை பெறுவதையும் பிரத்தியட்சமாக அறியலாம். சுவரிலோ, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. ஒவ்வொரு பொங்கல் பூச்சும், நீலத்தை உள்ளே வைத்து மூடிய, காகிதக் கனமுள்ள ஒரு கல்லேடு. பழைய வீட்டுச் சுவரில் பெயர்ந்து விழுந்த சில்லு ஒன்றை எடுத்து, உடைந்த விளிம்பைச் சூரிய வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், வெள்ளை, வெளிர் நீலம், சற்றே தூக்கலான நீலம், மறுபடி வெள்ளை என்று வருஷங்கள் படிந்திருக்கும். எந்த வருஷம் அந்தச் செங்கல் துண்டை யார் அவசரமாகப் பார்த்தார் என்பதுகூட அதில் எழுதியிருப்பதாகத் தோன்றும்.

இனி, இந்த நீலம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். ஜெர்மானிய மகாகவி கதே, 1810-இல் வெளியிட்ட நிறங்களைப் பற்றிய நூலில், சுத்த நீலம் பூண்ட அறைகள் ஓரளவு விசாலமாகத் தோன்றினாலும் வெறுமையும் குளிருமாக இருக்கும் என்ற அபிப்பிராயத்தைத் தெரிவித்திருக்கிறார். அவருடைய கண் மிகக் கூர்மையானது. ஆனால் அது வைமார் நகரத்தில், பனிக்காலத்தில் கணப்பு மூட்டி வாழ்ந்த மனிதரின் கண். அவர் குறையாகச் சொன்ன இரண்டையும் எங்கள் பூமி குணமாக எடுத்துக்கொண்டது. சித்திரை, வைகாசியில் செம்மண் தரையே அனல் கக்கும் ஊரில், சுவர் குளிர்ச்சியாகத் தோன்றினால் அதைவிட வேறென்ன வேண்டும்? வெறுமை என்பதும் எங்களுக்குப் பழகிய விஷயம். சாய்வு நாற்காலி ஒன்று, சுருட்டிய பாய் நான்கு, மாடக்குழியில் ஒரு விளக்கு, சுவரில் முன்னோர் படங்கள் என்பதோடு ஒரு பட்டாசாலை பூர்த்தியாகிவிடும். மிச்சமுள்ள இடம் மனிதர்கள் வந்து உட்காருவதற்கு. அங்கே பின்வாங்கி நிற்கும் சுவரே மரியாதை தெரிந்த சுவர்.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. நீலம் அறையின் உஷ்ணத்தைக் குறைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு, அது சரியன்று. வெயில் நேரே படாத உட்சுவரில் எந்த நிறம் இருந்தாலும் உஷ்ணமானியில் வித்தியாசம் தெரியப்போவதில்லை. வெயில் படுகிற வெளிச்சுவரிலும் மொட்டை மாடியிலும் நீலத்தைவிட வெறும் வெள்ளையே ஒளியை அதிகமாகத் திருப்பும். வீட்டைக் குளிர்வித்தவை கனத்த சுவர், ஓட்டுக்குக் கீழே உயர்ந்த காற்றுவெளி, முற்றம், சுற்றிலும் மரம். நீலம் குளிர்வித்தது கண்ணை. அப்படியே, இராஜஸ்தானத்து ஜோத்பூரில் வீடுகளுக்கு நீலம் அடிப்பது கறையானையும் கொசுவையும் விரட்டவே என்பாரும், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த குல்லா மக்களைப் பின்பற்றி, தாழ்வாரத்து விதானத்துக்கு வெளிர் நீலம் பூசித் துஷ்ட ஆவிகளை விலக்குவாரும் இருக்கிறார்கள். பூச்சிகளுக்கு ஆகாதது புதுச் சுண்ணாம்பின் காரம். அதன் கீர்த்தியை நீலம் வாங்கிக்கொண்டது. ஆவிகளைப் பற்றி நான் வாதாட வரவில்லை. வெவ்வேறு தேசங்களில் எளிய ஜனங்கள் இந்த நிறத்திடம் காவல் கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதும்.

நீலச் சுவரைத் தனியே பார்த்தவர் அதன் அழகில் பாதியைத்தான் பார்த்தார். அதன் காலடியில் என்ன இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் காவிச் சாயம் கலந்து மெழுகித் தேய்த்த சிவப்புச் சிமெண்டுத் தரை. வசதி உள்ள வீடுகளில் ஆத்தங்குடிக் கல். முற்றத்தில் விழுந்த உச்சிவெயில் அந்தச் சிவப்பில் பட்டுச் சுவரின் கீழ்ப்பாதிக்கு ஏறும்போது, நீலம் அங்கே தன் குளிரை இழந்து, கத்தரிப்பூவின் நிறத்தில் ஒரு சாயல் கொள்ளும். மேலே போகப் போக ஓட்டின் நிழலோடு சேர்ந்து சாம்பலாகும். ஒரே தொட்டியிலிருந்து வந்த பூச்சு, ஒரே சுவரில், முழங்கால் உயரத்தில் ஒன்றாகவும் தலைக்கு மேல் வேறாகவும் இருக்கும். தென்னந்தோப்புக்கு நடுவே உள்ள வீட்டிலோ, ஜன்னல் வழியாக வருகிற பச்சை வெளிச்சம் அதைக் கடல்நீராக்கிவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, ஜனங்கள் இழந்தது தலைமுறை ஜீவனம். அந்தப் பெரும் நஷ்டத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லத் தகாத ஓர் அற்ப மாறுதலும் நேர்ந்தது. நிழல் போன வீடுகளின் அறைக்குள் வெயில் முதன்முறையாக நேரே வந்து விழ, அதுவரை நிறமாக இருந்த சுவர் வெளிறிய வெறும் சுவராயிற்று.

பொழுதுக்கும் இந்த நீலத்துக்கும் ஓர் உடன்படிக்கை உண்டு. வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பை முதலில் கைவிட்டு, நீலத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறது. பொஹீமிய நாட்டுப் பர்கின்யே என்ற சாஸ்திர நிபுணர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டு சொன்ன உண்மை இது. அதனால்தான் அந்தி வேளையில், விளக்கேற்றுவதற்கு முந்திய அந்தச் சில நிமிஷங்களில், தரை கறுத்து மறைந்த பிறகும் சுவர் தெரிந்துகொண்டிருக்கும். விளக்கு வந்த பிறகு நடப்பது இன்னும் விசேஷம். எண்ணெய்த் திரியின் ஒளியில் மஞ்சள் மிகுதி, நீலம் சொற்பம். அந்த வெளிச்சத்தில் வெறும் வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தோன்ற, நீலம் கலந்த சுவர் ஏறக்குறைய வெள்ளையாகத் தோன்றும். பகலில் சற்று எல்லை மீறி நீலமாக நடந்துகொண்ட ஊழியன், இரவில் வெண்மையிடம் கணக்கை ஒப்படைத்துவிடுகிறான். மின்சாரமில்லாத காலத்து வீட்டில் நீலத்தின் அளவு ஒரு சிட்டிகை முன்பின் ஆனால் பாதகமில்லை என்று விட்டதற்கு இந்த இராத் திருத்தமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிற்பாடு டிஸ்டெம்பர் வந்தது, ஸ்நோசெம் வந்தது, பட்டி பார்த்துப் பிரைமர் அடித்து எமல்ஷன் பூசுகிற காலமும் வந்தது. துணி நீலம் சொட்டு நீலமாகிப் பிளாஸ்டிக் குப்பிக்குள் போயிற்று. வேட்டியும் சுவரும் ஒரே பொட்டலத்தைப் பங்கிட்டுக்கொண்ட உறவு அத்துடன் முடிந்தது. இப்போது பெயின்ட் கடையில் இருக்கிற நீலத்துக்குப் பெரும்பாலும் வேறு பிதா: 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மௌத் ஆலையில் எதிர்பாராமல் கண்ணில் பட்ட தாலோசயனின் வர்க்கத்தைச் சேர்ந்த, 1935 முதல் விற்பனைக்கு வந்த செம்புக் கூட்டுப்பொருள். அது வெயிலுக்கும் காரத்துக்கும் அசையாது. வெள்ளை பெயின்டில் துளி விழுந்தாலே வேலை செய்யும். இயந்திரம் அளந்து ஊற்றுவதால், ஆலங்குடியில் ஓர் எண்ணைச் சொல்லி வாங்கின நீலமும் சென்னையில் அதே எண்ணுக்குக் கிடைக்கிற நீலமும் இம்மியும் மாறாது; துடைத்தால் கறை போகும்; சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டாது. இந்த வசதிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வருஷந்தோறும் சுண்ணாம்புச் சூட்டில் கை பொத்துப்போன வெள்ளையடிப்பவரைக் கேட்டால் அவரும் பேசமாட்டார்.

ஆனாலும் புது வீட்டுக்காரர் பலர், பழைய வீட்டு நினைவிலோ படத்தில் பார்த்த ஆசையிலோ வெளிர் நீலத்தைத் தேடி வாங்கி அடித்துவிட்டு, ஒரு மாதத்துக்குள், “என்னமோ ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்று முகம் சுளிப்பதைக் கேட்கிறோம். அட்டையில் விரலகலத்தில் பார்த்த நிறம், நான்கு சுவரிலும் ஏறியவுடன் ஒன்றின் ஒளி மற்றொன்றில் பட்டுப் பட்டு அடர்த்தியாகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சேர்க்கை. தரையில் பால்வெள்ளை டைல்ஸ். விதானத்தில் 6500 கெல்வின் வெண்ணீல எல்.இ.டி. விளக்கு, மரத்தூணோ பித்தளைக் குத்துவிளக்கோ பாயோ இல்லை, ஜன்னலுக்கு வெளியே நிழலும் இல்லை. கீழிருந்து ஏறிவரும் சிவப்பும், இரவில் வந்து கணக்குத் தீர்க்கும் மஞ்சளும் இல்லாத இடத்தில், வெளிர் நீலம் கதே சொன்ன குளிரையும் வெறுமையையும் தவிர வேறு எதைக் கொடுக்கும்? குற்றம் நிறத்தின் மேல் இல்லை. உப்பைத் தனியே அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கரிக்கிறதென்றால் உப்பு என்ன செய்யும்?

ஆகவே, இந்த நிறத்தில் பிரியமுள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை, வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். காவியோ செங்கல்லோ மரமோ, சூடுள்ள நிறம் ஒன்று தரையில் இருக்கட்டும். விளக்கு 2700 கெல்வின் அளவில் மஞ்சள் சார்ந்ததாக இருக்கட்டும். மேற்கு வெயில் சுடும் அறைக்கும், பகலில் தலைசாய்க்கும் அறைக்கும் நீலத்தைக் கொடுங்கள், வெளிச்சமே வராத மூலை அறைக்குக் கொடுக்க வேண்டாம். அட்டையில் பிடித்த நிறத்துக்கு இரண்டு படி கீழே இறங்கி, இது வெள்ளைதானோ என்று சந்தேகம் வருகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்தவர் அகப்பட்டால், பழைய முறையில் ஓர் அறைக்காவது அடித்துப் பார்க்கலாம். காய்ந்த செங்கல் துண்டைப் பார்த்து அளவு சொல்லும் அந்தக் கண் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தரை, விளக்கு, நிழல் மூன்றையும் நிச்சயித்துக்கொண்டு கடைசியில் நீலத்தைக் கூப்பிடுகிறவர் வீட்டில் அது நெடுநாள் தங்கும். அதையே முதலில் கூப்பிட்டு நடுவில் உட்கார வைக்கிறவர், அடுத்த பொங்கலுக்கே வேறு நிறத்துக்கு ஆள் தேட நேரும்.